குழந்தையின் இடுப்பில் நீலத் திட்டு: அடிபட்ட காயமா, பிறவி நிறமா?

டயப்பர் மாற்றும்போது கைக்குழந்தையின் பிட்டத்திலோ இடுப்பிலோ நீலமும் சாம்பலும் கலந்த திட்டு தெரிந்தால், வீட்டாரின் சந்தேகம் முதலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் மீதுதான் பாய்கிறது. பெரும்பாலும் அது அடிபட்ட காயமாக இருப்பதில்லை. மங்கோலியன் ஸ்போட் என்று மருத்துவர்கள் கூறும் இந்தத் திட்டு, தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் மேல்தோலுக்கு வராமல் அடித்தோலிலேயே தங்கிவிடுவதால் உண்டாகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என எல்லாக் குழந்தைகளிடமும் சாதாரணமாகக் காணப்படுவது இது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ரத்தக்கட்டு என்றால் தொட்டால் வலிக்கும். சில நாள்களில் பச்சை, மஞ்சள் என நிறம் மாறி, ஏறக்குறைய இரண்டு வாரங்களில் மறையும். பிறவித் திட்டு வலிக்காது, வீங்காது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பள்ளிக்குச் செல்லும் வயதுக்குள் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். மருந்தோ எண்ணெய்த் தேய்ப்போ தேவையில்லை.

பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் தாதியிடம் திட்டைக் காட்டி, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் குறித்து வைக்கச் சொல்வது நல்லது. பின்னாளில் பராமரிப்பாளரோ பெற்றோரோ வீண்பழிக்கு ஆளாகாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும். ஆனால் முன்பு இல்லாத திட்டு திடீரென்று தோன்றி, தொட்டால் குழந்தை அழுதால், பிறவி அடையாளம் என்று விட்டுவிடக்கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தையின் டயப்பரில் இரண்டொரு துளி ரத்தம் படலாம். தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது அது. சில நாள்களில் நின்றுவிடும். முதல் சில நாள்களில் செங்கல் பொடி போன்ற கறை சிறுநீரின் உப்பினால் ஏற்படுவது. ஒரு வாரமாகியும் தொடர்ந்தால், பால் போதுகிறதா என்று தாதியிடம் கேட்க வேண்டும்.

டயப்பர் உரசும் மேடான இடங்கள் மட்டும் சிவந்து, தொடை மடிப்பு தெளிவாக இருந்தால் அது ஈரத்தால் வந்த புண். அடிக்கடி மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, காற்றாட விட்டு, சிங்க் கிரீம் தடவினால் ஓரிரு நாளில் தணியும். பவுடர் கொட்டுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும் என்பதால் தவிர்ப்பதே மேல். மடிப்புக்குள்ளும் கருஞ்சிவப்பாகி, சுற்றிலும் சிறு புள்ளிகள் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம்; அதற்குத் தனி மருந்து உண்டு. கொப்புளம், சீழ், காய்ச்சல் கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும்.