பாண்டியன் குதிரையும் பொருந்தாத சேணமும்

மாணிக்கவாசகர் கதை நமக்கெல்லாம் தெரியும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் சிவத்தொண்டுக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். ராத்திரியே அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்ற குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடிவிடுகின்றன. பக்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இது ஒரு கொள்முதல் கணக்கு. கஜானாப் பணம் போனது, லாயமும் காலி.

பிற்காலப் பாண்டியர்களின் குதிரை வாணிபத்தைப் பற்றி வெளிநாட்டார் இருவர் எழுதி வைத்திருப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். அதில் நரி மட்டும் இல்லை.

ஒருவர் மார்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கடற்கரைக்கு வந்தவர். இங்குள்ள அரசனும் அவனுடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குவதாகவும், ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். இன்னொருவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார் என்பது அவர் தரும் கணக்கு. கடல் வழியில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். விற்றவர்களில் முக்கியமானவர் கீஷ் தீவின் மாலிக் ஜமாலுத்தீன். பாண்டியனிடம் அமைச்சராக இருந்து காயல் துறைமுகத்தைக் கவனித்துக்கொண்ட தகியுத்தீன் யார் தெரியுமா? ஜமாலுத்தீனின் சகோதரர்! இந்தக் காலமாக இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையம் கதவைத் தட்டியிருக்கும்.

போலோவின் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1311இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்தபோது கொள்ளையடித்துப் போனவற்றில் 5,000 குதிரைகள் இருந்ததாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். அவரும் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர்தான். ஆனாலும் நூறுகூட மிஞ்சாத நாட்டில் அத்தனை குதிரைகளை யாரும் பிடித்திருக்க முடியாது. ஆக, எல்லாம் சாகவில்லை, நிறைய செத்தன. ஏன் என்பதுதான் கேள்வி.

நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடைக்கும்: தட்பவெப்பம். அரபுக் குதிரைக்குத் தமிழ்நாட்டு வெயிலும் ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போலோவும் இதைச் சொல்கிறார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போடுகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார். குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்?

வஸ்ஸாப் தரும் தகவல் இன்னும் நுணுக்கமானது. வந்த குதிரைகளை நாற்பது நாள் கயிற்றில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு பழக்காமல், அங்கவடி முதலிய சவாரிக் கருவிகள் எதுவுமில்லாமல் பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளிலேயே நல்ல குதிரைகூட ஒன்றுக்கும் உதவாமல் போகிறது என்கிறார். ஒரு பொறியாளனாக எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

குதிரையின் முதுகு உட்காருவதற்காக அமைந்ததல்ல. நடுவில் முதுகெலும்பு, அதன்மேல் நேரடியாகப் பாரம் விழக்கூடாது. மரச்சட்டம் வைத்த சேணத்தின் வேலையே பாரத்தை எலும்பின் இரு பக்கத் தசைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். ஆள் 70 கிலோ, சேணம் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சேணம் 1,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சீராகப் படிந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 80 கிராம்தான் அழுத்தும். பொருந்தாமல் முன்னும் பின்னும் மட்டும் தொட்டு, மொத்தம் 200 சதுர சென்டிமீட்டரில் நின்றால் 400 கிராம். பாரம் அதேதான், வலி ஐந்து மடங்கு.

பொருந்துகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். விரிப்பு எதுவும் போடாமல் சேணத்தை வெறும் முதுகில் வைக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். தோள்பட்டை அசைய இடம் வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணம் போகக்கூடாது. அடியில் கையை விட்டுத் தடவினால் எங்கும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். சவாரி முடிந்து கழற்றும்போது முதுகு சீராக வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்படலாம். பழைய புண் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல். குதிரை கொழுத்தால் முதுகின் வடிவம் மாறும். இளைத்தால் மறுபடியும் மாறும். ஒரு தடவை பொருத்திவிட்டு மறந்துவிட முடியாது. நாற்பது நாள் அசையாமல் கொழுத்து, தசை பழகாத முதுகில் சட்டமில்லாமல் ஆள் ஏறினால், அவன் பாரம் முழுக்க எலும்பை ஒட்டிய சின்ன இடத்தில் இறங்கும். முதுகில் புண் வந்த குதிரை தளரும், முரண்டு பிடிக்கும், தீனி எடுக்காது. 'வெயில் ஒத்துக்கலை' என்று எழுதிவிடுவது சுலபம். வெயிலும் தீனியும் கொன்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் குதிரையை வாங்கிவிட்டு, அதைத் தெரிந்த கையை வாங்காமல் விட்டதும் கொன்றது.

தமிழனுக்கு இந்த அறிவே கிடையாது என்று இதைப் படித்துவிடக்கூடாது. தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டத் தெரிந்த சமூகம் நம்முடையது. சும்மாடும் சேணம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. கோல சிலாங்கூரிலிருந்து எங்கள் புக்கிட் பெருந்துங் வரைக்கும் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிடம் கேளுங்கள். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, கம்பு தோளில் எங்கே படவேண்டும் என்று ரொம்ப சரியாகச் சொல்வார்கள். ஒரு விரல் தள்ளிப் பட்டால் ராத்திரி தூக்கம் போச்சு.

அந்த அறிவு சுமப்பவர்களிடம் இருந்தது. வாங்குகிறவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 220 தினார் என்று விலையை எழுதி வைத்தவர்கள் உண்டு. லாயத்தில் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்தவன் என்ன சொன்னான் என்று எழுதி வைத்தவர் இல்லை. இன்றைக்கும் ஆலையில் ஒரு புது இயந்திரம் பழுதானால் முதலில் வெயிலையும் தூசியையும்தான் கைகாட்டுகிறோம். அதை ஓட்டுகிற ஆளிடம் கேட்பது கடைசியில்தான்.