இரண்டாவது கிளிக்கின் விலை

மஸ்ஜித் இந்தியாவில் தீபாவளி நெருங்கும்போது சேலைக்கடை வாசலில் நின்று "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடும் பையனுக்கு, முதலாளி தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் தன் கூட்டாளிகளையே உள்ளே அனுப்பினால் சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொள்வான். கல்லாவில் இருப்பவருக்குக் கண் இருக்கிறது. இணைய விளம்பரத்தில் கடைக்காரருக்கு எண்ணிக்கை மட்டும்தான் வரும், பில்லோடு சேர்த்து.

கிளிக்குக்குக் காசு என்ற முறையை 1998இல் கோடூ.காம் தொடங்கியது. 2002இல் கூகுளும் அதற்கு மாறியது. மறுவருடம் ஆட்சென்ஸ் வந்ததும், சொந்தமாக ஒரு தளம் வைத்திருந்தவர்கள்கூட அதில் விளம்பரம் போட்டு கிளிக் வருமானத்தில் பங்கு வாங்க முடிந்தது. போலிக் கிளிக்குக்கு அது நல்ல காலம். 2004 மே மாதம் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஒரு செய்தி போட்டது: இந்தியாவில் இல்லத்தரசிகளும் பட்டதாரிகளும் வீட்டில் உட்கார்ந்தபடி விளம்பரங்களைக் கிளிக் செய்து மாதம் 100, 200 டாலர் சம்பாதிக்கிறார்கள். தலைப்பில் அவர்களை 'ரகசியப் படை' என்றார்கள். படையாம்! கிளிக் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர்களுக்கு அப்படியொரு பட்டப்பெயர் கிடைக்கவில்லை.

2005இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற சின்னக் கடை, போலிக் கிளிக்குக்கும் பணம் வசூலித்ததாகக் கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. கூகுள் சமரசத்துக்கு வந்தது. 2006 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்றது. மொத்தம் 90 மில்லியன் டாலர் வரை. அதில் வழக்கறிஞர்களுக்கு 30 மில்லியன். விளம்பரம் கொடுத்த கடைக்காரர்களுக்கு ரொக்கம் கிடையாது. அதே கூகுளில் மறுபடி விளம்பரம் செய்துகொள்ளக் கணக்கில் வரவு வைத்தார்கள். துணி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால், அதே கடையின் கூப்பனை நீட்டுவது மாதிரி.

அந்த வழக்குக்காக நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின் கூகுளின் வடிகட்டிகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தார். கூகுளின் முயற்சிகள் நியாயமானவையே என்றார். ஆனால் ஒரு கிளிக்குக்குப் பின்னால் என்ன நோக்கம் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்றும் எழுதினார். வேலையில் தினமும் லாக் கோப்புகளைப் புரட்டுகிறவன் நான். நேரம் இருக்கும், ஐபி எண் இருக்கும், மனசு இருக்காது. செல்லாத கிளிக் எது என்ற விதிகளை முழுசாக வெளியிட்டால் மோசடிக்காரர்கள் அதையே பாடமாக்கிக்கொள்வார்கள். வெளியிடாவிட்டால், விற்கிறவர் அளந்ததே அளவு.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. விண்டோஸ் பழக்கத்தில் நிறையப் பேர் எதையும் இரண்டு தடவை தட்டுவார்கள். விளம்பரத்தையும் அப்படித்தான். ஒரே ஆள், ஒரே நொடி. 2005 மார்ச் வரை, அந்த இரண்டாவது கிளிக்குக்கும் கூகுள் காசு வாங்கியிருக்கிறது.