வாப்பா உட்கார்ந்திருந்த விறாந்தை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன ஓகஸ்ட் விடுமுறையில் மனைவியையும் இளைய மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பழைய ஹோட்டலில் ஓர் இரவு தங்கினேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். நூறு வயது எப்போதோ தாண்டிவிட்டது. பெயரைச் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அங்கே வேலை செய்கிறவர்களின் வயிற்றில் அடிக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் தடவை போனது 1996இல், எங்கள் கல்யாணம் முடிந்த கிழமை. அந்த ஹோட்டலின் முன் விறாந்தையில் ஒரு சின்ன மாணிக்கக்கல் கடை இருந்தது. வாப்பா அதில் 31 வருடம் இருந்தார். முதலாளி வேறு ஒருவர், வாப்பா சம்பளத்துக்கு. அவ்வளவு காலத்திலும் உள்ளே ஓர் இரவுகூட அவர் படுத்ததில்லை. எங்களுக்கு அவர் தந்த கல்யாணப் பரிசு அந்த ஒரு நாள் அறை. தேக்குக் கட்டில், மெழுகு மணக்கும் பலகைத் தரை, விடியற்காலையில் தட்டில் வைத்துக் கொண்டுவந்த தேத்தண்ணீர். கொண்டுவந்த சிங்கள வெயிட்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நானாட மகன்" என்றார். அங்கே எல்லோருக்கும் வாப்பா "நானா"தான்.

இந்த முறை குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. சுவரில் ஈரம் ஊறி சுண்ணாம்பு உரிந்திருந்தது. தேக்குக் கட்டில் போய், ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் எழும்புகிற பலகைக் கட்டில் வந்திருந்தது. காலைச் சாப்பாடு ஆறிப்போய் வந்தது. வாடகை மட்டும் ஆறவில்லை! இதையெல்லாம் பொறுக்கலாம். 2019 ஏப்ரல், பிறகு கொரோனா, பிறகு 2022இன் பெற்றோல் வரிசை. நல்ல நிலையில் இருந்த ஹோட்டல்களே தள்ளாடிய காலம் அது.

பொறுக்க முடியாதது விறாந்தையில் நடந்தது. மகள் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறாள். மூத்தாப்பாவின் கடையைக் காட்டத்தான் அவளைக் கூட்டிப்போனேன். அந்த இடத்தில் உடைந்த பிளாஸ்டிக் கதிரைகளும் தண்ணீர்க் கேன்களும் அடுக்கியிருந்தன. முன் மேசையில் இருந்த தம்பியிடம் கேட்டேன். "இங்க கடை ஒண்டும் இருக்கல்ல சேர்" என்றான். பாவம், அவன் பிறந்ததே கடை மூடிய பிறகாக இருக்கும்.

நடைபாதைச் சுவர் முழுக்கப் பழைய படங்கள். தொப்பி போட்ட துரைமார், துப்பாக்கியோடு நிற்கிறவர்கள், குடை பிடித்த சீமாட்டிகள். ஒரு படத்தில் விருந்தினர்களுக்குப் பின்னால் வேலையாட்கள் வரிசையாக நிற்கிறார்கள். உட்கார்ந்திருக்கிற ஐந்து பேருக்கும் கீழே பெயர் இருக்கிறது. நிற்கிற பதினான்கு பேருக்கும் இல்லை.

அன்று இரவு மகளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நமது பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டும்.

நமது நாட்டில் பெரிய ஹோட்டல்கள் வந்தது கப்பலால். நீராவிக் கப்பலுக்கு வழியில் நிலக்கரி ஏற்ற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கீழ்த்திசைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன பெரிய கப்பல்கள் காலியில்தான் தரித்தன. கொழும்பு அப்போது தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்த இடம். காலித் துறையிலும் பாறைகள் உண்டு, ஆனாலும் அதை விட்டால் வழியில்லை. கரி ஏற்றி முடியும் வரை பயணிகள் கரையில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். காலிக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் காலக் கட்டடம் ஒன்று 1860களில் ஓரியன்டல் ஹோட்டலானது அப்படித்தான்.

அந்த விறாந்தையில் முதலில் போய் நின்றவர்கள் நமது ஆட்கள். நீலக்கல், வைரோடியம், ஆமையோட்டுச் சீப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் விற்றார்கள். அக்காலப் பயணக் குறிப்புகளில் சோனக வியாபாரிகள் வராத காலி அபூர்வம். கண்ணாடித் துண்டைக் கல்லென்று தலையில் கட்டுகிறார்கள் என்ற குறையும் அவற்றில் உண்டு. மறைக்க வேண்டியதில்லை, சிலர் அதையும் செய்திருப்பார்கள். ஆனால் அதே காலியில், 1860இல், ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் தொடங்கிய நகை வியாபாரம் தலைமுறைகள் தாண்டி நின்றது. கண்ணாடி விற்று அப்படி நிற்க முடியாது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பல் பெருகியது. 1875 டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல்லை வைத்தார். 1885இல் அது முடிந்தது. கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குத் திரும்பின. அதே 1875இல் கொழும்புத் துறைமுகத்துக்கு முன்னால், படைவீரர் தங்கிய கட்டடத்தை மாற்றி, கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலைத் திறந்திருந்தார்கள். 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் கொழும்பு வந்தபோது அங்கே தங்கினார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். நமது கல் வியாபாரிகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் பின்னாலேயே கொழும்புக்குப் போனார்கள்.

காலி ஹோட்டலுக்குக் கப்பல் போய்விட்டது, சுவர் மிச்சம். பிறகு நியூ ஓரியன்டல் என்ற பெயரில் ஒரு குடும்பம் அதை நடத்தியது. 1905இல் அந்த ஹோட்டலிலேயே பிறந்த நெஸ்டா ப்ரோஹியர் முதுமை வரை அதைப் பார்த்துக்கொண்டார். இப்போது அது நம்மைப் போன்றவர்கள் வெளியே நின்று பார்க்கிற சொகுசு ஹோட்டல். கொழும்புக்கும் அதே கதைதான் பிறகு வந்தது. விமானம் வந்தது, பயணிகள் கப்பல் நின்றது. கிராண்ட் ஓரியன்டல் கொஞ்சக் காலம் தப்ரபேன் என்று பெயர் மாறிக் கிடந்து, பழைய பெயருக்கே திரும்பியது.

வேலை செய்தவர்களில் ஊர் முழுக்கப் பெயர் தெரிந்த ஒருவர் கோல்பேஸ் ஹோட்டல் வாசலில் நின்ற சாத்துக் குட்டன். கேரளத்திலிருந்து வந்தவர். 1942இல் சேர்ந்து எழுபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். 2014இல் இறந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. நல்ல விஷயம். ஆனால் அதே காலத்தில் குசினியில், லோன்றியில், விறாந்தைக் கடைகளில் எத்தனை பேர்?

வாப்பா 2004இல் மௌத்தானார். கல் நிறுக்கும் சின்னப் பித்தளைத் தராசும், ஹோட்டல் பெயர் அச்சடித்த ஒரு பில் புத்தகமும் வீட்டில் இருக்கின்றன. அதில் கடைசிப் பில் 1997 மார்ச். ஒரு ஜேர்மன்காரருக்கு இரண்டு சந்திரகாந்தக் கல். வாப்பாவின் கையெழுத்து.

புறப்படும்போது அந்தப் பில் புத்தகத்தை முகாமையாளரிடம் காட்டினேன். ஃபோனில் வைத்திருந்த படம்தான். மரியாதையாகப் பார்த்தார். "பிரதி அனுப்புங்கள், சுவரில் போடலாம்" என்றார். அனுப்பி இரண்டு மாதமாகிறது. பதில் வரவில்லை. இன்னொரு தடவை அனுப்புவேன்.

உங்கள் வீடுகளிலும் வாப்பாவோ மூத்தாப்பாவோ பழைய ஹோட்டல்களில் கடை வைத்திருந்தால், அல்லது வேலை செய்திருந்தால், விசிட்டிங் கார்ட், பில், சம்பளத் துண்டு, படம் எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். ஃபோனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். படத்தில் நிற்கிறவர்களின் பெயர் தெரிந்தால் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பாதிப் பெயர் தெரிந்தாலும் பரவாயில்லை.