இடது பக்கம் கெட்டுப்போன கதை

கேப்பிட்டோல் குன்றின் உச்சியில், மேலங்கியை இழுத்து முக்காடிட்டு, தெற்கு நோக்கி அமர்ந்தார் ரோம் நகரத்து நிமித்திகர். கையில் முனை சுருண்ட கோல். அதனால் வானத்தை இடம், வலம் என்று பகுத்துவிட்டு, பறவை எந்தப் பக்கம் பறக்கிறது, மின்னல் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தார். படை கிளம்புவதும் பதவியேற்பதும் அவர் வாக்குக்குக் காத்திருந்தன. தெற்கு பார்த்தவருக்குச் சூரியன் உதிக்கும் கிழக்கு இடக்கைப் பக்கம். ஆகவே இடப்பக்கத்துச் சகுனம் சுபம். இடப்பக்கத்தைக் குறித்த லத்தீன் சொல், நிமித்திகர்களின் வாயில் 'மங்கலமான' என்றே பொருள்பட்டது. இடப்பக்கத்து மின்னலைவிட உயர்ந்த சகுனம் கிடையாது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அது ஆகவே ஆகாது!

அந்தக் காரியம், மக்கள் சபையைக் கூட்டுவது. வானக் கடவுள் ஜூபிடர் மின்னலை வீசும்போது வாக்கெடுப்பு நடத்தலாகாது என்பது விதி. கி.மு. 59-ல் சீசரோடு கான்சல் என்ற உச்சப் பதவியில் இருந்தவர் பிபுலஸ். சீசரின் நிலப் பங்கீட்டுச் சட்டத்தை எதிர்த்ததற்காக அவர் தலையில் சாணத்தைக் கொட்டி விரட்டினார்கள். வீட்டுக்குள் அடைந்துகொண்ட பிபுலஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வானத்தில் சகுனம் பார்த்துக்கொண்டிருப்பதாக ஓயாமல் அறிவிப்பு அனுப்பினார். முறைப்படி சபை அத்தோடு கலைந்திருக்க வேண்டும். சீசர் சட்டை செய்யவில்லை. அரசியல்வாதிகள் சகுனத்தை முட்டுக்கட்டையாக்கிய பிறகும் இடப்பக்கத்தின் மானம் போய்விடவில்லை. அதை வாங்கிய வழக்கம், ஏற்கெனவே ரோமுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அது கிரேக்க வழக்கம். கிரேக்கக் குறிசொல்லிகள் வடக்கு பார்த்தார்கள் என்பது மரபு. அவர்களுக்குக் கிழக்கு வலக்கைப் பக்கம், இடப்பக்கம் அபசகுனம். ஹோமரின் இலியட் காவியத்தில் டிராய் படைக்கு இடப்பக்கமாக ஒரு கழுகு, கால்களில் பாம்போடு பறக்கிறது. அதைக் கண்டு படையே நடுங்குகிறது. ரோமின் படித்த பிள்ளைகள் ஹோமரைப் பாடம் படித்து வளர்ந்தார்கள். அவர்களில் கவிஞரானவர்கள், அதே லத்தீன் சொல்லைக் கிரேக்கப் பாணியில் 'அமங்கலமான' என்று எழுதலானார்கள். தானே நிமித்திகராக இருந்த சிசரோ, கி.மு. 44-ல் முடித்த நூலில் இந்த முரணைக் குறித்துவைத்தார்: ரோமானியருக்கு இடம் நல்லது, கிரேக்கருக்கு வலம் நல்லது. ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள்கள். எது பிழைக்கும்?

நிமித்திகர் கூட்டம் அழிந்தது. கவிஞர்களின் ஏடுகள் தங்கின. கெட்ட பொருளைச் சுமந்தபடி அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அங்கே வஞ்சகம், கெட்ட எண்ணம் என்ற சாயலும் சேர்ந்தது. கேடயச் சின்னக் கலையில் மட்டும் அது இடப்பக்கத்தையே குறித்தது. ஆனால் அங்கும் நிம்மதி இல்லை. அரசர்களுக்கு மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் சிலரின் சின்னத்தில் அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு பட்டையைச் சரித்து வரைந்தார்கள். இப்படி ஊரார் பழியெல்லாம் சுமந்த சொல்தான், துப்பறியும் கதைகளில் வில்லனின் சிரிப்புக்கு முன்னால் தவறாமல் வந்து நிற்கும் 'சினிஸ்டர்'. வரப்போகும் கெடுதியை முன்கூட்டிக் காட்டுவதோடு அது நிற்பதில்லை; பின்னால் யாரோ சதி செய்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிடுகிறது. இவ்வளவு கெட்ட பெயருக்குப் பிறகு அதற்கு நல்ல வேலை யார் கொடுப்பார்கள்?

கொடுத்தவர்கள் வேதியியலாளர்கள். ஒரே சரக்கில் செய்தாலும் இடக்கையும் வலக்கையும்போல ஒன்றோடொன்று பொருந்தாத மூலக்கூறுகளைப் பிரித்துச் சொல்ல, கான், இங்கோல்டு, பிரெலாக் மூவரும் விதிகள் வகுத்தார்கள். 1966-ல் அவற்றை விரிவாக வெளியிட்டார்கள். அணுத் தொகுதிகளின் வரிசை வலமாகச் சுற்றினால் 'ரெக்டஸ்' என்பதன் 'ஆர்'. இடமாகச் சுற்றினால் சினிஸ்டரின் 'எஸ்'. ஓமெப்ரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து இரு வடிவங்களும் கலந்தது. அதன் 'எஸ்' வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்த மருந்துக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் எஸோமெப்ரசோலின் தொடக்கத்து 'எஸ்'ஸில் இருப்பது, வில்லனின் சிரிப்பை வர்ணிக்கும் அந்தச் சொல்லேதான்.