ஒருவருக்கு இரண்டு எண்கள்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரு பெரிய ஏரியை அடுத்து அமைந்திருக்கிறது எங்கள் ஊரான தாமல். 1990களின் பிற்பகுதியில் நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே ஒரு தொலைபேசிதான். அது மளிகைக் கடையில் இருந்தது. பாவு தயாராகிவிட்டது என்று நெசவாளருக்குப் பட்டுக்கடை முதலாளி சொல்லி அனுப்புவதும், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தாயின் உடல்நலம் விசாரிப்பதும் அந்த ஒரே எண்ணில்தான். கடைக்காரர் பையனை அனுப்பி ஆளை அழைத்து வரச் சொல்வார். முகவரி அட்டைகளிலும் திருமணப் பத்திரிகைகளிலும் இப்படிப்பட்ட எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சிட்டிருப்பார்கள். குறிப்பிட்ட ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி கேட்கும் ‘ட்ரங்க் கால்’ முறையிலிருந்து வந்த வழக்கு அது.

இன்று அதே தெருவில் ஒருவரே இரண்டு எண்கள் வைத்திருக்கிறார். ஒன்று தொழிலுக்கு, மற்றொன்று வீட்டாருக்கு. ஒரு தெருவுக்கு ஓர் எண் என்றிருந்த நிலை, ஒருவருக்கு இரண்டு எண்கள் என்று எவ்வாறு மாறியது? இதற்கு விடை காண, எண் எதைக் குறித்தது என்பதை முதலில் பார்ப்போம்.

எண் பிறந்த கதை

தொலைபேசி தோன்றிய நாளில் அதற்கு எண் கிடையாது. 1878இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் 50 பெயர்கள் இருந்தன. எண் ஒன்றுகூட இல்லை. சந்தாதாரர் பெயரைச் சொல்வார். இணைப்பகத்தில் இருப்பவர் உரிய துளையில் கம்பியைச் செருகி இணைப்பார்.

1879இன் இறுதியில் லோவெல் என்னும் நகரில் மணல்வாரி அம்மை பரவியது. இணைப்பகத்தின் நான்கு ஊழியர்களும் ஒருசேரப் படுத்துவிட்டால், எந்தத் துளை யாருடையது என்று புதியவர்களுக்குத் தெரியாதே என்று மோசஸ் பார்க்கர் என்ற மருத்துவர் கவலைப்பட்டார். பெயருக்குப் பதிலாக எண் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறியவர் அவரே. ஆகவே தொலைபேசி எண் என்பது முதலில் மனிதரின் அடையாளம் அன்று. ஒரு துளையின் அடையாளம், ஒரு கம்பியின் முகவரி.

நம் நாட்டில் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் இணைப்பகங்களும் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கல்கத்தாவில் அப்போது சந்தாதாரர்கள் 93 பேர்.

தொழிலுக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஈமச் சடங்குத் தொழில் செய்துவந்தவர் ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர். அவருக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பக ஊழியர் போட்டியாளருக்குத் திருப்பிவிட்டாராம். சினமுற்ற அவர், ஊழியரே இல்லாமல் இணைப்பு தரும் விசையை உருவாக்கி 1891இல் காப்புரிமை பெற்றார். சுழற்றும் ஒவ்வோர் இலக்கத்திற்கும் மின் துடிப்புகள் புறப்பட்டு விசையைப் படிப்படியாக நகர்த்தும். எண்ணை அறிந்தவர் எவரும் யாருடைய தயவுமின்றி அழைக்கலாம் என்றாயிற்று. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தபோது, வெளியூர் அழைப்புக்கும் இவ்வசதி நம் நாட்டில் தொடங்கியது.

சுவர் செய்த வேலை

கம்பித் தொலைபேசியின் காலத்தில், அலுவலக எண் அலுவலகத்திலும் வீட்டு எண் வீட்டிலும் ஒலித்தன. மாலையில் அலுவலகக் கதவைப் பூட்டியதும், அந்த எண்ணும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். வேலையையும் வீட்டையும் பிரித்து வைத்தது தொலைபேசி அன்று, சுவரும் தூரமும்தாம்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் பேசினார். அன்று தொடங்கிய சேவையில் எண் கம்பியை விட்டு நீங்கிற்று. செல்பேசியில் உள்ள சிம் அட்டையில் 15 இலக்கம் வரையுள்ள ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். இந்திய இணைப்புகளில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். நாம் பிறருக்குத் தரும் பத்து இலக்க எண் வேறு. நிறுவனத்தின் கணினிப் பதிவேடு இவ்விரண்டையும் இணைத்து, அந்த அட்டை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் அழைப்பு நம்மைத் தேடி வருகிறது.

தொடக்கத்தில் வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்ட வேண்டியிருந்ததால், எண்ணைச் சிக்கனமாகவே கொடுத்தார்கள். 2003இல் அந்தக் கட்டணம் நீங்கியது. எண்ணை எல்லோருக்கும் கொடுத்தோம். 2011இல் நாடெங்கும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. துளையைக் குறித்த எண், ஆளையே குறிக்கலாயிற்று.

இதன் விலையை நான் 2020இல் உணர்ந்தேன். கல்லூரிகள் மூடியிருந்ததால், மூன்று வகுப்பு மாணவர்களுக்கும் என் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கும் ஐயங்கள் வந்துகொண்டிருந்தன. மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு வழியில்லை. ஓரிரவு மணியோசையை அடக்கிவிட்டு உறங்கினேன். விடிந்து பார்த்தபோது தாமலிலிருந்து அம்மாவின் அழைப்புகள் ஐந்து இருந்தன. அப்பாவுக்கு மூச்சுத்திணறல், பக்கத்து வீட்டார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அவர் குணமடைந்து திரும்பினார். நான் அந்த வாரமே இரண்டாவது எண் வாங்கினேன்.

ஒரு கருவியில் இரு எண்கள்

பெரும்பாலான இரட்டைச் சிம் செல்பேசிகளில் அட்டைகள் இரண்டு. அலை வாங்கி அனுப்பும் சாதனமோ ஒன்றுதான். அழைப்பு உண்டா என்று எந்தக் கணத்தில் கவனிக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இணைப்புக்கும் வலையமைப்பு வகுத்திருக்கிறது. இரண்டு இணைப்புகளின் கணங்களிலும் கருவி மாறி மாறிச் செவிசாய்க்கிறது. ஓர் எண்ணில் நாம் பேசத் தொடங்கியதும் சாதனம் அதிலேயே ஈடுபட்டுவிடும். மற்ற எண்ணை அழைப்பவருக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதில் கிடைக்கும். வேலை எண்ணில் நீண்ட நேரம் பேசுகிறவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். எட்டாதபோது அழைப்பை மற்ற எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி இதற்கு உதவும்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் எண்ணை அலட்சியமாகக் கைவிடக் கூடாது. துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஆகையால் வங்கிக்கும் குடும்பத்துக்கும் நிலையான ஓர் எண், விளம்பரத்திலும் கடைப் பலகையிலும் போட மற்றோர் எண் என்று வைத்துக்கொள்வது நலம்.

தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் காஞ்சி வட்டாரத்து நெசவாளர் வீட்டில், வேலையையும் வீட்டையும் பிரிக்கும் சுவர் என்றுமே இருந்ததில்லை. ஆனால் அங்கே நெய்யும் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடாக்கள். நிறங்கள் கலப்பதில்லை, ஆயினும் சேலை ஒன்றே. என் இரண்டாவது எண் இரவு எட்டு மணிக்கு ஓய்ந்துவிடும். முதல் எண்ணின் மணியோசையை நான் இப்போது அடக்குவதே இல்லை.