வீட்ல ஃபோன் இருக்கு... ஆனா பிள்ளை கையில இருக்கா? வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தின் சிக்கல் என்ன?

வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. பாடப் புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். கொரோனா காலத்தில் வேகமெடுத்த இந்தப் பழக்கம், பள்ளிகள் திறந்த பிறகும் பல இடங்களில் தொடர்கிறது. வசதிதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வசதியா?

ஃபோன் இருந்தா போதாதா?

புதுச்சேரி அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள வீராம்பட்டினம் போன்ற ஒரு மீனவக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்ஃபோன். அப்பா கடலுக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்றால், ஃபோன் வீடு திரும்பிய பிறகும் ஒருவர்தான் பார்க்க முடியும். அன்றைய டேட்டா தீர்ந்திருந்தால் அதுவும் இல்லை. பள்ளிக் கணக்கில் இது 'ஃபோன் உள்ள வீடு'.

புள்ளிவிவரம் என்ன சொல்லுது?

கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் 'ஏசர்' அறிக்கைப்படி, 2018-ல் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 36.5 சதவீதத்தில்தான் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. 2021-ல் அது 67.6 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதே 2021 அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. ஃபோன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது படிக்கக் கிடைப்பதில்லை. அதாவது நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல்.

கோர்ட் என்ன சொன்னது?

2019 செப்டம்பர்: விடுதியில் செல்ஃபோன் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கில், இணைய வசதி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்றது கேரள உயர் நீதிமன்றம்.

2020 செப்டம்பர்: ஆன்லைன் வகுப்புக்கான கருவியும் இணையமும் ஏழை மாணவர்களுக்குத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தடை விதித்தது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில், ஏழை மாணவர்களுக்காகத் திட்டம் வகுக்கும்படி அரசைக் கேட்டுக்கொண்டது.

ஃபோன் இல்லாம என்ன வழி?

டிவி ஒரு வழி. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. மத்திய அரசு 2020-ல் 'ஒரு வகுப்பு, ஒரு சேனல்' என்று அறிவித்தது. 2020 ஜூனில் கேரளா 'ஃபர்ஸ்ட் பெல்' டிவி வகுப்பை ஆரம்பித்தபோது, டிவி இல்லாத பிள்ளைகள் நூலகத்திலும் அங்கன்வாடியிலும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு நடந்தது.

இன்னொரு வழி, ஆளே நேரில் போவது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வகுப்பறையில் இப்பவே என்ன செய்யலாம்?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. அந்தப் பாடப் புத்தகங்களிலும் க்யூஆர் கோடு உண்டு. பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில:

* க்யூஆர் கோடு வீடியோவை வகுப்பிலேயே ஒருமுறை எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம். வீட்டில் பார்ப்பது கூடுதல் பயிற்சியாக இருக்கட்டும்.
* வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலும் எழுதிப் போடலாம்.
* ஃபோன் தேவைப்படும் வேலைக்கு ஒரே நாள் கெடு வேண்டாம். இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம்.
* "ஃபோன் இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும்?" என்றும் கேட்கலாம். எல்லார் முன்னாடியும் வேண்டாம், தனியாக.

பெற்றோரும் கூச்சப்படாமல், வீட்டில் ஃபோன் எப்போது கிடைக்கும் என்பதை வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால், பிள்ளை படிக்கவில்லை என்றுதான் ஆசிரியர் நினைப்பார்.