ஏடு பெயர்த்தெழுதல்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு இடத்துக்குப் பெயரிட்ட அம்மக்கள், தங்கள் கோயில் முறை, குடிமுறை, கூத்து, மருத்துவம், மந்திரம் ஆகியவற்றைப் பனையோலையில் எழுதி வைத்தனர். ஓலையோ எத்துணைப் பேணினும் அழியும் இயல்பினது. வாவியின் உவர்க்காற்றும் மாரிகாலத்து ஈரமும் செல்லும் பூச்சியும் அதற்குப் பகை. ஆகவே சில தலைமுறைக்கு ஒரு முறையேனும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதவேண்டிய கடமை ஏட்டை உடையோருக்கு இருந்தது. இதனைப் பெயர்த்தெழுதல் என்றனர்.

பெயர்த்தெழுதல் என்பது பார்த்து எழுதுவதுதானே, அதில் என்ன அருமை என்று எண்ணத் தோன்றும். இன்று ஒரு கணினியிற் சேர்த்து வைத்த பல்லாயிரம் ஆவணங்களை மற்றொரு கணினிக்கு மாற்றுவோரும் முதலில் அவ்வாறே எண்ணுகின்றனர். பொருளைப் பெயர்ப்பது எளிது; பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒழுங்கையும், அதனைப் படிப்பதற்குரிய முறையையும் உடன் பெயர்ப்பதே அரிது. மட்டக்களப்புத் தேசத்து ஏடுகளின் வரலாறு இவ்வருமையை நன்கு விளக்குகின்றது.

ஓலையெழுத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். எழுத்தாணி கொண்டு கீறும் ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. இட்டால் ஓலை துளைபடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவின. காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி கிடையாது. கொடி என்றும் கோடி என்றும் படிக்கத்தக்க ஓரெழுத்துத் தொடர் ஏட்டில் வருமாயின், கோயில் வரிசையிலே கொடிபிடிக்கும் உரிமை சொல்லப்பட்டதா, கோடிச்சீலை பெறும் உரிமை சொல்லப்பட்டதா என்பதை ஓலை தானாக உரைக்காது. அதனை அறிந்தவன் பக்கத்தில் இருத்தல் வேண்டும். எனவேதான் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றொருவர் எழுதினர். எழுதியதைப் பின்னர் மூலத்தோடு ஒத்துப்பார்த்தனர். 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம் என்னும் அளவும் ஏடெழுதுவோரிடம் இருந்தது. நூல் இத்தனை கிரந்தம் என்று தெரிந்தால், பெயர்ப்பேட்டில் ஏதும் விடுபட்டதா என்று எண்ணியே அறியலாமன்றோ! ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டு, திங்கள், நாள், எழுதியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்வதும் வழக்கம்.

இத்துணைக் கவனம் இருந்தும் எத்தனையோ ஏடுகள் பெயர்த்தெழுதுவாரின்றி அழிந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தம் கைக்கு வந்த ஏடுகள் தொடுந்தோறும் உதிர்ந்த நிலையைப் பதிப்புரையில் எடுத்துக் கூறி வருந்தினார்.

மட்டக்களப்பிலே கல்வெட்டு என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. பிற இடங்களிற் கல்வெட்டு என்றால் கல்லிற் பொறித்த எழுத்து. இங்கோ ஓலையில் எழுதப்பெற்றும் நாவால் ஓதப்பெற்றும் வருகின்ற கோயில் முறைப் பனுவலும் கல்வெட்டு எனவே வழங்கும். கல்லிலே வெட்டாததைக் கல்வெட்டு என்று அழைத்தது, அது கல்லைப்போல் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தாற் போலும். இன்ன கோயிலில் இன்ன குடிக்கு இன்ன ஊழியம், இன்ன வரிசை, இன்ன பங்கு என்பதை அது வகுத்துக் கூறும். குடி என்பது ஈண்டுத் தாய்வழியால் வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் முதலிய தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் எனப்படும் பொறுப்பாளர் இம்முறைகளைக் கண்காணிப்பவர். நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவனுக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர் கோயிற் பொறுப்பாளருக்கு வழங்குவது கருதத்தக்கது.

இவ்வேடுகளை அச்சுக்குப் பெயர்த்த முயற்சிகளுள் தலையாயது 1962ஆம் ஆண்டு எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம். ஏட்டுப் பிரதிகளைத் தேடி அச்சேற்றிய அந்நூல் இன்றளவும் மட்டக்களப்பு வரலாறு பேசுவோர் அனைவருக்கும் தொடக்கமாக உள்ளது. பின்னர் 2005ஆம் ஆண்டு சா. இ. கமலநாதனும் கமலா கமலநாதனும் மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம் என்னும் பெயரில் ஏட்டுவழி வந்த வரலாற்றைப் பதிப்பித்தனர். அச்சு ஒரு பாடத்தை நிலைபெறச் செய்கிறது; அதே வேளை, அச்சேறாத பாடங்களைத் தேடுவாரற்றுப் போகவும் செய்கிறது. ஒரு குடியிடம் இருந்த ஏடும் மற்றொரு குடியிடம் இருந்த ஏடும் வரிசை முறையில் வேறுபடுதல் இயல்பே. அச்சுப் புத்தகம் வந்த பின்னர், புத்தகத்தில் உள்ளதே முறை என்று வாதிடுவோர் தோன்றுவர். தம் ஏட்டை அச்சேற்றாதவர் தம் உரிமையை நிறுவ வழியின்றி நிற்பர். பதிப்பாசிரியர் மீது இக்குறையைச் சுமத்துதல் நேர்மையன்று. எந்த ஏட்டிலிருந்து பெயர்த்தது, அது யாருடைய ஏடு என்ற செய்தி நூலோடு சேர்ந்து பயணம் செய்யாவிடில் இவ்விளைவைத் தவிர்த்தல் இயலாது.

கூத்தின் கதை இதனினும் சுவையுடையது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் வாவியின் இருகரையிலும் ஆடப்பெற்று வருவன. முழுப் பனுவலும் அண்ணாவியாரிடம் இருக்கும். ஆடுவோர்க்கு அவரவர் பகுதியை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பர். அதன் பின்னரே களரி அடித்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் முயற்சி நடைபெறும். ஏட்டிலோ கொப்பியிலோ இருப்பவை விருத்தமும் தருவும் வசனமும் தாளக்கட்டும். அத்தாளக்கட்டு மத்தளத்தில் எவ்வாறு விழவேண்டும், கால் எவ்வாறு மிதிக்க வேண்டும், இவ்விடத்தில் ஆடுவோன் வட்டம் வரவேண்டுமா வரிசையில் நிற்கவேண்டுமா என்பன அண்ணாவியாரின் நினைவில் உள்ளன. கொப்பியை மட்டும் பெற்ற ஒருவர் கூத்தைப் பெற்றவராகார்.

1940ஆம் ஆண்டு தி. சதாசிவ ஐயர் வசந்தன் கவித்திரட்டை அச்சிட்டார். கோலாட்டி ஆடும் வசந்தன் பாடல்கள் அதனாற் காக்கப்பெற்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டு அலங்காரரூபன் நாடகம் என்னும் தென்மோடிக் கூத்தைப் பதிப்பித்ததோடு நில்லாது, மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்க்குக் கூத்தைப் பழக்குவித்தார். பனுவலைப் பெயர்த்தால் மட்டும் போதாது, பனுவலை ஆளத்தெரிந்தவரையும் உடன் கொணர்தல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம். அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியது, அக்கொப்பிகளைப் படிப்பதற்கு உரிய வழிகாட்டி போல அமைந்தது.

இனி நிலவுரிமைக்கு வருவோம். முதுசொம், தேட்டம் என்னும் பாகுபாட்டையும், முதுசொம் தாய்வழியே செல்லும் முறையையும் கொண்ட முக்குவர் சட்டத்தை 1876ஆம் ஆண்டு கிறித்தோபர் பிரித்தோ ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். மக்கள் வாயிலும் வழக்குமன்றத் தீர்ப்பிலும் கிடந்த முறை அச்சுக்கு வந்த அதே 1876ஆம் ஆண்டில், 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மரபுரிமைக்குப் பொதுமுறை ஒன்றை வகுத்து, அம்முறையின் ஆட்சியை ஒடுக்கிவிட்டது. ஏடு புதுப்பிக்கப்பட்ட வேளையில் வீடு கைமாறியது போன்றது இது.

அதற்கு முன்னரே, 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் காணிப்பதிவு முறை இலங்கையிற் புகுந்திருந்தது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அதனைச் செப்பம் செய்தது. காணிப் பதிவகத்திலே ஒவ்வொரு காணிக்கும் பெரும் பதிவேடுகளில் ஒரு பக்கம் உண்டு. அக்காணி பற்றிய உறுதிகள் யாவும் அப்பக்கத்திலேயே பதியப்படல் வேண்டும். பக்கம் நிறைந்தால் வேறொரு பக்கத்துக்கு மாற்றலாம். ஆனால் பழைய பக்கத்திலே புதிய பக்கத்தின் எண்ணும், புதிய பக்கத்திலே பழைய பக்கத்தின் எண்ணும் குறிக்கப்பட்டு இரண்டும் இணைக்கப்படல் வேண்டும். தொடர்பில்லாத தவறான பக்கத்திற் பதிந்த உறுதி முறையாகப் பதியப்பட்டதாகக் கொள்ளப்படாது என்பது நீதிமன்றங்கள் கண்ட முடிபு. உறுதி மெய்யானது, நொத்தாரிசு கையொப்பம் மெய்யானது, ஆயினும் தேடுபவன் கண்ணிற் படாத இடத்தில் இருந்தமையால் பின்வந்த உறுதிக்கு முன்னுரிமை சென்றுவிடலாம். இடக்குறிப்புத் தவறினால் ஒரு குடும்பத்தின் வயலே தவறும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது வேறு யாது?

காகிதத்துக்குப் பின்னர் வந்தது கணினி. ஓலைக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஆயுள் உண்டு. கணினியின் சேமிப்புத் தட்டுக்கோ ஆண்டுக் கணக்கிலேதான். அதனாற் பெயர்த்தெழுதும் வேலை குறையவில்லை, அடிக்கடி செய்யவேண்டியதாயிற்று. ஈழத்தில் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவாலே கோயில் மலர்களும் கூத்துக் கொப்பிகளும் கணினியில் ஏறின. அம்முறையிலே கணினி உள்ளபடி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. எழுத்துருதான் அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துக் காட்டும். அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். கோப்பில் ஓரெழுத்தும் கெடவில்லை. படிக்கும் முறை மட்டும் உடன் வரவில்லை. புள்ளியில்லா ஓலையின் பழைய இடர் புதிய கோலத்தில் மீண்டது எனலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறை பரவிய பின்னரே இவ்விடர் தணிந்தது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதும், 2005ஆம் ஆண்டு தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒவ்வொன்றாக நூலக எண் கொடுத்து அடுக்கியதும் இவ்வரலாற்றின் அண்மைப் பக்கங்கள்.

இத்தகைய சேகரம் ஒன்று பழைய வழங்கியிலிருந்து புதிய வழங்கிக்கு மாறும்போது நிகழ்வதைச் சிறிது காண்போம். வழங்கி என்பது கேட்போர்க்கு ஆவணத்தை எடுத்து வழங்கும் கணினி. அதிலே இரண்டு பகுதிகள் உள. ஒன்று, நூற்பக்கங்களின் படக்கோப்புகள். மற்றொன்று, எந்த நூல் எந்த இடத்தில் உள்ளது, அதன் ஆசிரியர் யார், அதனைத் திறக்க யாருக்கு உரிமை என்று குறித்து வைக்கும் நிருவாக மென்பொருளின் பதிவேடு. கோப்புகள் யாவும் பழுதின்றிச் சென்று சேர்ந்தும், பதிவேடு பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்குமாயின், தவறான பக்கத்திற் பதிந்த காணியுறுதியின் நிலைதான். புதிய வழங்கியில் எழுத்துக் குறியேற்றம் மாறியமைந்தால், தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறி அவ்வாறே சேமிக்கப்பட்டுவிடுதலும் உண்டு. பின்னர் அவற்றை மீட்க இயலாது, பழைய படி எஞ்சியிருந்தாலன்றி.

ஆகவே பட்டறிவுடையோர் முதலிற் பழைய வழங்கியில் புதிதாக ஏதும் எழுதப்படாதவாறு நிறுத்துவர். பின்னர் கோப்புகளையும் பதிவேட்டையும் ஒரே வேளையிற் படியெடுத்துப் புதியதில் ஏற்றுவர். கோப்புகளின் தொகையை எண்ணி ஒப்பிடுவர். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண்ணை இருபுறமும் ஒத்துப்பார்ப்பர். கிரந்தக் கணக்கின் வழித்தோன்றல் இது. படிகளுள் ஒன்றை வேற்றூரில் வைப்பர். 1978ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியையும், 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டதையும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கல்லடியிலும் நாவலடியிலும் ஏறிய கடலையும் அறிந்தவர்க்கு இதன் காரணம் சொல்லவேண்டுவதில்லை.

எண்கள் ஒத்த பின்னரும் பழைய வழங்கியை உடனே அணைத்துவிடுவதில்லை. ஒருவர் புதிய வழங்கியின் முன் அமர்ந்து, தேடுமிடத்தில் வசந்தன் என்று தமிழில் எழுதிப் பார்ப்பார். 1940ஆம் ஆண்டின் அந்நூல் பெயர் பிழையின்றித் தோன்றுகிறதா, அதன் எண் பழைய எண்தானா, திறந்தால் முதற் பக்கம் முதலாக வருகிறதா என்று நோக்குவார். மான்மியம் என்று எழுதுவார். அலங்காரரூபன் என்று எழுதுவார். பழையதிலும் அதனையே செய்து பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுவார். சில நாள் இவ்வாறு இரண்டும் அருகருகே இயங்கிய பின்னரே பழைய வழங்கியின் மின்னிணைப்பு அகற்றப்படும்.